விலையை வெளியே சொல்லுங்கள்: கிளவுட் பொறியியல் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்) வழியாகப் பொறியியல் மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் இந்தியப் பிரிவுத் தலைவர்கள், விலை நிர்ணயிக்கும் அதிகாரிகள், அவர்களுடைய டீலர்கள்.

மதிப்பிற்குரியவர்களே,

கோவையில் பம்ப் வடிவமைப்பும், அது எப்படி ஓடும் என்று கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கும் சிம்முலேஷனும் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தை நடத்துகிறேன். உங்களில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நம்பித்தான் சில ஆண்டுகளாக எங்கள் வேலை ஓடுகிறது. அந்த நிறுவனம், ரினியூவல் நெருங்கும் நேரத்தில், தன் இணையதளத்தில் போட்டிருந்த விலைகளை எடுத்துவிட்டது. சந்தா இவ்வளவு, கூடுதல் கிரெடிட் (கணினி நேரத்துக்காகப் பணம் கட்டி முன்கூட்டி வாங்கும் அலகு) இவ்வளவு என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது "விற்பனைக் குழுவைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற பொத்தான் மட்டும் இருக்கிறது. என்ன விலை என்று எழுதிக் கேட்டால், உங்கள் தேவையைப் புரிந்துகொண்ட பிறகு சொல்கிறோம் என்று பதில் வருகிறது. இத்தனை நாள் பயன்படுத்துகிறவனின் தேவை அவர்களுக்குத் தெரியாதா? மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இதே வழியில் போவதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணபதி, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் பம்ப் செய்யும் சிறிய யூனிட்டுகள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சொந்தமாக வடிவமைப்புப் பிரிவு கிடையாது. அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "ஐந்து எச்.பி. சப்மெர்சிபிள், ஹெட் இவ்வளவு வேணும், டிஸ்சார்ஜ் இவ்வளவு வேணும், எஃபிஷியன்சி இப்ப இருக்கறதைவிட ரெண்டு பாயின்ட் கூடணும். எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். (ஹெட் என்றால் தண்ணீரை ஏற்றும் உயரம்; டிஸ்சார்ஜ் என்றால் வெளியேறும் தண்ணீரின் அளவு.) அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தொகை. அதை வைத்துத்தான் அவர் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) செலவு, காஸ்டிங் (வார்ப்பு) செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இந்த மாடலை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். நான் கொட்டேஷன் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைதான். வேலை முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது என்று போய் நிற்க முடியாது. நின்றால் அடுத்த வேலை வராது.

அவருக்கு வார்ப்பு ஊற்றித் தரும் ஃபவுண்டரிக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்கிறார். கடைசல் பட்டறையில் மணிக்கு இவ்வளவு என்கிறார்கள். பேட்டர்ன் செய்பவர் வரைபடத்தைப் பார்த்ததும் ஒரு விலை சொல்லிவிடுகிறார். இரும்பின் விலை ஏறி இறங்கினாலும் அன்றைய விலை என்னவென்று கேட்டால் தெரிந்துவிடும். இந்தச் சங்கிலியில் முன்கூட்டி விலை சொல்லாமல் இருப்பது நீங்கள் மட்டும்தான். நீங்கள் சொல்லாததால் நானும் சொல்ல முடியாமல் நிற்கிறேன். என் முழுக் குறையும் இதுதான்.

கணக்கோடு பார்ப்போம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குள் தண்ணீர் ஓடும் பகுதியை முப்பது லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து மெஷ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்சார்ஜ் அளவுக்கு ஒரு ரன், அதாவது கணக்கை ஒருமுறை முழுதாக ஓட்டுவது. கணினியின் 32 கோர்களில் (கணக்குப் போடும் பிராசஸர் பகுதிகள்) ஆறு மணி நேரம் ஓடினால் அது 192 கோர்-மணி. வால்வு மூடிய நிலையிலிருந்து முழு ஓட்டம் வரைக்கும் ஹெட் எப்படி மாறுகிறது என்று காட்டும் பம்பின் வளைகோட்டை வரைய ஏழு புள்ளிகளாவது வேண்டும். அப்படியானால் 1,344 கோர்-மணி. பிளேடு கோணத்தை மாற்றி மூன்று வடிவங்களை ஒப்பிட்டால் 4,032. இதுவரை யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துவிடலாம். இதற்குப் பிறகுதான் இருட்டு. ஒரு கோர்-மணிக்கு எத்தனை கிரெடிட் என்பது எந்த வகை இயந்திரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இயந்திரத்தை மென்பொருளே தேர்ந்தெடுக்கிறது. ஒரு கிரெடிட் எத்தனை ரூபாய் என்பது எந்தப் பொதியை வாங்கினோம், எப்போது வாங்கினோம், யார் மூலம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. ஆக, 4,032 என்ற எண்ணை நான் எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டிருந்தாலும், அதை ரூபாயாக மாற்ற வழியில்லை.

சரி, ரன்னுக்கு மட்டும்தான் செலவு என்றால்கூடச் சமாளிக்கலாம். ஒரு ஆர்டரில் நான் ஒதுக்கியிருந்த கிரெடிட் வேலை பாதியில் இருக்கும்போதே தீர்ந்துபோனது. எங்கே போயிற்று என்று தோண்டிப் பார்த்ததில், முடிவுகளைத் திரையில் பார்க்கத் திறக்கும் கிராஃபிக்ஸ் இயந்திரத்துக்குத் தனியாகக் கிரெடிட் கழிந்திருந்தது. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்த்தி. பழைய முடிவுகள் சர்வரில் கிடப்பதற்கு ஒரு கழிவு. நடுவில் டைவர்ஜ் ஆகி, அதாவது கணக்கு விடைக்கு வராமல் சிதறி, நின்றுபோன ரன்களுக்கு முழுக் கழிவு. கையெழுத்தான கொட்டேஷனில் இவற்றில் ஒன்றுமே இல்லை. "பயன்பாட்டுக்கு ஏற்பக் கிரெடிட் கழிக்கப்படும்" என்ற ஒரே வரிதான் இருந்தது.

டைவர்ஜ் ஆன ரன்னுக்குக் காசு வாங்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. இயந்திரம் ஓடியது, மின்சாரம் செலவானது, அதற்குக் கட்டணம் உண்டு என்பது நியாயமே. ரெசிடுவல் (கணக்கில் மிஞ்சும் பிழை) எகிறிக்கொண்டு போகும்போது தானே நின்றுவிடும் ஒரு வரம்பை வைக்க என்னை விடவில்லை என்பதும், அப்படியும் கழியும் என்று முன்னால் சொல்லவில்லை என்பதும்தான் என் குறை. எந்த ரன்னுக்கு எவ்வளவு கழிந்தது என்று பிரித்துக் காட்டச் சொன்னேன். அந்த அறிக்கை மேல்நிலைத் திட்டத்தில்தான் கிடைக்கும் என்றார்கள். என் பணம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள நான் இன்னும் பணம் கட்ட வேண்டும் என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

விலை கேட்கப் போகும் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்பி அனுப்பினால் தொலைபேசி வரும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆண்டு வரவு எவ்வளவு, பெரிய வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்பார்கள். எந்த மென்பொருள் வேண்டும், எவ்வளவு ஓட்டப்போகிறோம் என்பது அப்புறம்தான். ஒருநாள் டெமோ, இன்னொருநாள் ஆன்லைன் சந்திப்பு, அதற்குப் பிறகு ஒரு கொட்டேஷன். அதில் பெரிய தொகை ஒன்று, அதன்மேல் பெரிய தள்ளுபடி ஒன்று, மார்ச் 31-க்குள் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்ற குறிப்பு. இதே தொழில் செய்யும் நண்பரிடம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே மென்பொருள், அதே திட்டம், அவருக்கு வேறு விலை. இருவருக்கும் ஏன் வித்தியாசம் என்று டீலரிடம் கேட்டால், அவருக்கே தெரியவில்லை. மேலிடத்திலிருந்து வரும் விலை என்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். டீலர்களிடமும் இந்த விஷயத்தில் நீங்கள் வெளிப்படையாக இல்லை.

பில் டாலரில் வருவது இன்னொரு சுமை. வெளிநாட்டு அலுவலகத்தின் பெயரில் பில் வந்தால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நாங்களே கட்டிவிட்டு, பிறகு வரவில் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக்கென்று வங்கி தனியாக எடுத்துக்கொள்ளும். இதெல்லாம் உங்கள் தவறில்லைதான். ஆனால் இந்தியாவில் அலுவலகம் வைத்து, இந்திய டீலர் மூலம், இந்திய வாடிக்கையாளருக்கு விற்கிறவர்கள் ரூபாயில் ஒரு விலையைச் சொல்வதில் என்ன தடை?

கிளவுட் என்பதே சிக்கலானது, விலையை ஒரு வரியில் சொல்ல முடியாது என்று நீங்கள் பதில் சொல்லலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்-3 சேமிப்புச் சேவையைத் தொடங்கியபோது, ஒரு ஜி.பி.க்கு மாதம் 15 சென்ட் என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இ.சி.-2 கணினி வாடகைக்கு மணிக்கு 10 சென்ட். யாரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கவில்லை. எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் கிளவுடை நம்பி வந்ததற்குக் காரணமே இந்த வெளிப்படைத்தன்மைதான். பெரிய கம்பெனிக்கும் எனக்கும் ஒரே விலைப்பட்டியல், ஓட்டிய அளவுக்குக் காசு. இன்றைக்கும் அந்த நிறுவனங்களின் பட்டியல்கள் நீளமானவை, படித்து முடிக்கப் பொறுமை வேண்டும். இருந்தாலும் அவை வெளியே இருக்கின்றன; உட்கார்ந்து கூட்டினால் ஒரு எண் வரும். உங்களில் பலர் அதே இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துத்தான் எங்களுக்கு விற்கிறீர்கள். உங்களுக்கு அடியில் இருப்பவர் வெளிப்படையாகச் சொல்லும் விலை, உங்களைத் தாண்டி எங்களிடம் வரும்போது மறைந்துபோகிறது.

விலையைப் போட்டால் போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்கள் என்று உங்கள் விற்பனை மேலாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். எங்கள் அலுவலகத்துக்கே மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன்கள் வந்து கிடக்கின்றன. போட்டியாளர்களுக்குப் பார்க்க வேண்டுமென்றால் ஆயிரம் வழி உண்டு. பார்க்க வழியில்லாமல் இருப்பது வாங்குகிறவனுக்குத்தான்.

இதில் சட்டத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்கள் எனப்படும், இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் தந்திரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் பட்டியலிடப்பட்ட 13 தந்திரங்களில் சாஸ் பில்லிங் (இணையம் வழியே சந்தாவுக்குத் தரும் மென்பொருளுக்குக் கட்டணம் வசூலிக்கும் முறை) என்பது தனியாகவே பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. இலவச டிரையல் முடிந்து கட்டணத்துக்கு மாறுவதைச் சொல்லாமல் விடுவது, பயன்படுத்தாத வசதிக்குக் கட்டணம் எடுப்பது எல்லாம் அதற்கு உதாரணமாகக் கொடுக்கப்பட்டவை. விலையின் ஒரு பகுதியை மறைத்து வைத்துப் பிறகு வெளிப்படுத்தும் டிரிப் பிரைசிங்கும் அதே பட்டியலில் உண்டு. தொழிலுக்காக வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வருவாரா என்று உங்கள் வழக்கறிஞர்கள் வாதிடக்கூடும். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு தனிமனிதரிடம் செய்தால் ஏமாற்று என்று அரசு எழுதிவைத்த ஒன்றை, நான்கு பேர் வேலை செய்யும் அலுவலகத்திடம் செய்தால் வணிக முறை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா என்று மட்டும் கேட்கிறேன். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட எல்லா வரிகளும் உட்பட விலையை அச்சடித்தாக வேண்டும் என்ற விதி இருக்கும் நாடு இது.

வெளிநாட்டிலும் இந்தப் பேச்சு எழுந்துவிட்டது. ஆண்டுச் சந்தாவை மாதாமாதம் கட்டும் திட்டத்தில், நடுவில் விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும் என்பதைச் சரியாகக் காட்டவில்லை என்று அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையின்பேரில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் மென்பொருள் நிறுவனமான அடோபி மீது வழக்குத் தொடுத்தது. கேம் உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் கேம் உருவாக்குவோர் மேல் திடீரென ஒரு ரன்டைம் கட்டணத்தை (கேம் எத்தனை முறை நிறுவப்படுகிறது என்பதற்கேற்ற கட்டணம்) அறிவித்து, அவர்கள் கொதித்தெழுந்ததும் மாற்றி எழுதி, ஓர் ஆண்டு கழித்து முற்றிலும் கைவிட்டது. ஆக, பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து பேசினால் விலைக் கொள்கைகள் மாறுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகவும் வலிக்கும் இடம். ஒரு காலத்தில் லைசன்ஸை மொத்தமாக வாங்கிவிட்டால், அடுத்த வெர்ஷன் வேண்டாம் என்றாலும் பழையதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பத்து ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய கேட் (கணினியில் வரைபடம் போடும்) மென்பொருளில் இன்றைக்கும் டை (வார்ப்பு, அழுத்த அச்சு) வரைகிறவர்கள் இருக்கிறார்கள். வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான மென்பொருட்களுக்கு நிரந்தர லைசன்ஸ் விற்பதை 2016-இல் நிறுத்தியது. மற்றவர்களும் சந்தா முறைக்கு வந்தார்கள். கிளவுடில் அந்தப் பழைய வெர்ஷன் என்ற பேச்சே இல்லை. ரினியூவலுக்குப் பணம் கட்டவில்லை என்றால் நான் வரைந்த வரைபடம், நான் ஓட்டிய ரன், என் வாடிக்கையாளருக்குச் சொந்தமான முடிவுகள் எல்லாம் உங்கள் சர்வரில் நிற்கும். அதே ஆட்டோடெஸ்க் 2020-இல் தன் கிளவுட் வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷன் 360-இன் இலவசத் தனிநபர் திட்டத்தைச் சுருக்கியபோது, ஸ்டெப் கோப்பாக (மற்ற மென்பொருட்களும் திறக்கக்கூடிய பொது வடிவம்) ஏற்றுமதி செய்யும் வசதியையும் எடுக்கப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் விட்டுவைத்தது. இலவசத் திட்டத்தில் எதையும் மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் தன் கோப்பை வெளியே எடுக்கும் வழி அடைபடும் என்றதும் ஏன் அத்தனை பேர் பதறினார்கள் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு அந்தப் பதற்றம் ரினியூவல் தோறும் வருகிறது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும், வேண்டாம் என்றால் 60 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அடுத்த ஆண்டுக்கான விலையோ அந்த 60 நாள் கெடு முடிந்த பிறகுதான் கைக்கு வருகிறது. விலை தெரியாமலே சரி என்று சொல்லியாக வேண்டிய நிலை. விலகலாம் என்று முடிவு செய்தால், பல ஆண்டு முடிவுகளை இறக்கிக்கொள்ள ஆகும் கிரெடிட் எவ்வளவு என்பதற்கும் பதில் இல்லை. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் தங்கள் கிளவுடை விட்டு முழுதாக வெளியேறுகிறவர்களுக்குத் தரவு வெளியேற்றக் கட்டணத்தை 2024-இன் தொடக்க மாதங்களில் நீக்கிவிட்டன. அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியாது?

அப்படியானால் இலவசமாகக் கிடைக்கும் சிம்முலேஷன் மென்பொருளான ஓப்பன்ஃபோம் பக்கம் போய்விடுங்களேன் என்று சிலர் சொல்வார்கள். 2004 முதல் திறமூலமாகக் கிடைக்கும் அருமையான கருவி அது. கல்வியில் திறமூல மென்பொருளைப் பரப்பும் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் அதைக் கற்றுக்கொடுக்கப் பெரிய உழைப்பைப் போட்டிருக்கிறது. நாங்களும் சில வேலைகளை அதற்கு மாற்றியிருக்கிறோம். சர்வர் வாடகையின் விலைப்பட்டியல் வெளியே இருப்பதால் அந்த வேலைகளுக்கு என்னால் நிம்மதியாகக் கொட்டேஷன் கொடுக்க முடிகிறது. ஆனால் பெரிய வாடிக்கையாளர்கள் குறிப்பிட்ட மென்பொருளின் கோப்பாகவே கேட்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கல்லூரியில் உங்கள் மென்பொருளைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள், ஏனென்றால் கல்லூரிகளுக்கு நீங்கள் இலவசமாகவோ மிகக் குறைவாகவோ கொடுக்கிறீர்கள். உங்கள் மென்பொருள் நன்றாக இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. மெஷ் போடும் வேலையில் அது மிச்சப்படுத்தும் நேரம் பெரியது. அதற்கு உரிய விலையைக் கொடுக்க நான் தயார். அந்த விலை என்னவென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

சிறிய அலுவலகங்களுக்கான திட்டங்களின் விலையை, ரூபாயில், வரி எவ்வளவு என்பதோடு, இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். பெரிய நிறுவனங்களோடு தனியாகப் பேரம் பேசுவது உங்கள் விருப்பம். ஐந்து பேருக்குள் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு அந்தச் சுற்று வேண்டாம்.

கிரெடிட், டோக்கன் என்று எந்தப் பெயரில் விற்றாலும், ஒரு கோர்-மணிக்கு எத்தனை, கிராஃபிக்ஸ் இயந்திரத்துக்கு எத்தனை, ஒரு ஜி.பி. சேமிப்புக்கு எத்தனை, கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் எத்தனை என்ற அட்டவணையைக் கொட்டேஷனோடு இணைத்துக் கொடுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த அட்டவணையை மாற்றாதீர்கள்.

ரன்னைத் தொடங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் உத்தேசச் செலவைத் திரையில் ரூபாயில் காட்டுங்கள். இவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்து என்று வரம்பு வைக்கும் வசதியை எல்லாத் திட்டங்களிலும் கொடுங்கள். எந்த ரன்னுக்கு எவ்வளவு கழிந்தது என்ற அறிக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதை நிறுத்துங்கள். அது பில்லின் ஒரு பகுதி.

ரினியூவல் விலையை, விலகுவதற்கான கெடு முடிய 30 நாள் இருக்கும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத ஆண்டில் பழைய விலையே தொடர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சந்தா முடிந்த பிறகும் 90 நாட்களுக்கு, எங்கள் கோப்புகளையும் முடிவுகளையும் பொதுவான கோப்பு வடிவங்களில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள விடுங்கள். ஆண்டு முடிவில் மிச்சமிருக்கும் கிரெடிட்டை அழிக்காமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள். பணம் கட்டி வாங்கியது அது.

இந்த மடலின் நகலை எங்கள் பகுதித் தொழில் அமைப்புகளுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புகிறேன். இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசி அழைப்பு வேண்டாம். எங்கள் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. பதிலும் விலைப்பட்டியலும் ஜனவரி முடிவதற்குள் வந்தால்தான், அடுத்த நிதியாண்டுக்கு என் வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கும் கொட்டேஷன்களை என்னால் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
பம்ப் வடிவமைப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.